முன்னால் நிற்காத குரல்

விண்ட்ஹேண்ட் குழுவின் 'சோமா' ஆல்பம் 2013 செப்டம்பரில் வெளிவந்தது. அதைப் பற்றி விமர்சகர்களும் ரசிகர்களும் எழுதியவற்றைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். பெரும்பாலும் பாராட்டுகள்தாம். ஆனால் பாடகி டோர்த்தியா காட்ரெல் பற்றிய பேச்சு வந்ததும் எழுத்து இரண்டே தடங்களில் ஓடத் தொடங்கிவிடுகிறது. குறை காண்பவர்கள், அவருடைய குரல் கிதார்களுக்கு அடியில் புதைந்துபோய்விட்டது என்கிறார்கள். வியப்பவர்கள், அந்தக் குரல் ஆவியைப் போல அலைகிறது, சூனியக்காரியின் மந்திரம் போல இருக்கிறது என்கிறார்கள். ஒன்று குறை, மற்றது புகழ். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரே நம்பிக்கை இரண்டுக்கும் வேராக இருப்பது தெரிகிறது: இசைக்குழுவில் பெண் இருந்தால் அவள் முன்னால் நிற்க வேண்டும், நிற்கவில்லை என்றால் அவள் மனுஷியாக இருக்க முடியாது.

இந்த இசையைக் கேட்டிராத தோழிகளுக்குச் சில விவரங்கள். ஸ்டோனர் மெட்டல் என்பது மெதுவாக நடக்கும் கனத்த இசை. பெயர் கஞ்சாப் போதையிலிருந்து வந்தது. இதன் மூதாதை இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைச் சேர்ந்த பிளாக் சபாத். அதன் கிதார் கலைஞர் டோனி அயோமி 17 வயதில் உலோகத்தகடு தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது வலது கையின் இரண்டு விரல் நுனிகளை எந்திரத்திடம் இழந்தவர். இடது கைப் பழக்கமுள்ள அவர் தந்திகளை அழுத்தியது அந்த வலது கையால்தான். வலி தெரியாமல் வாசிக்கத் தந்திகளைத் தளர்த்தினார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் பல பாடல்களில் சுருதி வழக்கத்தைவிட நன்றாகவே கீழே இறங்கியிருக்கும். தளர்ந்த தந்தி, தாழ்ந்த சுருதி, 'ரிஃப்' எனப்படும் சிறிய கிதார் வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது, ஒலியைக் கரகரப்பாக்கிப் பெருக்கும் 'ஃபஸ்' கருவி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு 1990களில் கலிஃபோர்னியாவின் கையஸ், ஸ்லீப் போன்ற குழுக்கள் தனி வகையாக வளர்த்தன. அதில் மெட்டுக்கு இடம் கொடுக்கும் கிளை ஒன்று உண்டு. 'சோமா' அந்தக் கிளையில் வருவது.

விண்ட்ஹேண்ட், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ரிச்மண்ட் நகரக் குழு. 'சோமா' அவர்களுடைய இரண்டாவது முழு ஆல்பம்; ரிலாப்ஸ் நிறுவனம் வெளியிட்டது. அப்போது குழுவில் ஐந்து பேர், அவர்களில் காட்ரெல் ஒருவரே பெண். ஆறு பாடல்கள், ஒன்றேகால் மணி நேரம். கடைசிப் பாடல் மட்டும் சுமார் அரை மணி நேரம். ஒலிப்பதிவைக் கவனித்தவர் குழுவின் கிதார் கலைஞர்களில் ஒருவரான காரெட் மோரிஸ். இந்தக் கடைசித் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணியவாதியாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று அதில் இருக்கிறது.

*

முதலில் 'புதைந்துவிட்டது' என்ற குறையைப் பார்ப்போம்.

தாழ்ந்த சுருதியில் இரண்டு கிதார்கள் ஃபஸ் கருவி வழியாக ஒலிக்கும்போது அவை பாஸ் ஒலியோடு நிற்பதில்லை. ஃபஸ் ஏராளமான மேல்சுரங்களைச் சேர்த்துவிடுவதால், மனிதக் குரல் வழக்கமாக இருக்கும் நடுப்பகுதியையும் கிதார் நிரப்பிவிடும். அந்தச் சுவரிலிருந்து தப்ப ஒரு வழி, அதற்கு மேலே ஏறிப் பாடுவது. பிளாக் சபாத்தில் ஓஸி ஆஸ்பர்ன் செய்தது அதுதான். அயோமியின் கிதார் கீழே போகப்போக அவருடைய குரல் மேலே, மூக்கொலியோடு தனியாக நிற்கும்.

காட்ரெல் மேலே போகவில்லை. அவருடையது தாழ்ந்த பெண்குரல். 'ஆர்ச்சர்ட்' பாடலில் தொடங்கி, கிதார் நிறைந்திருக்கும் அதே உயரத்தில்தான் நிற்கிறார். நீண்ட சுரங்களை இழுத்து, தன் குரலின் மேல் தன் குரலையே அடுக்கி, எதிரொலியில் நனைத்துப் பாடுகிறார். சொற்களின் விளிம்புகள் தேய்கின்றன. மெட்டு தேய்வதில்லை. 'வுட்பைன்' கேட்டு முடித்த பிறகு எனக்குப் பாடலின் வார்த்தைகள் பெரும்பாலும் நினைவில் இருக்காது. ஆனால் அந்த மெட்டைச் சமையலறையில் நின்று முணுமுணுக்க முடியும். ரிஃப்பை அப்படி முணுமுணுக்க முடிவதில்லை. பாடலை ஞாபகத்தில் நிறுத்துவது எதுவோ அது புதைந்துபோயிருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

ஒலிக்கலவையில் குரல் தாழ்ந்திருப்பது இந்த இசையில் புதிதும் இல்லை. இங்கிலாந்தின் எலெக்ட்ரிக் விசார்ட் குழு 2000இல் வெளியிட்ட 'டோப்த்ரோன்' ஆல்பத்தில் ஜஸ் ஓபோர்னின் குரல் கிதார் இரைச்சலுக்குள் சிதைந்து, தூரத்தில் கேட்கும். இந்த வகையின் உச்சங்களில் ஒன்றாக ரசிகர்கள் கொண்டாடும் ஆல்பம் அது. அங்கே அந்தத் தூரத்தைச் 'சூழல்' என்றார்கள், 'அழுத்தம்' என்றார்கள். ஓபோர்னின் குரலை யாராவது காப்பாற்ற வேண்டும் என்று எழுதப்பட்ட ஒரு வரியைக்கூட நான் வாசித்ததில்லை. ஆண் குரல் கிதாருக்குள் போனால் அது அழகியல் முடிவு. பெண் குரல் போனால் ஒலிப்பதிவாளரின் தவறு.

ஏன் இந்த வேறுபாடு? கனடாவின் கவிஞர் ஆன் கார்சன், ஒலியின் பால் அடையாளத்தைப் பற்றிய தம் கட்டுரையில், பண்டைய கிரேக்கர்கள் குரலின் உயரத்தை ஒழுக்கத்தோடு சேர்த்துப் பார்த்ததை விரிவாகக் காட்டுகிறார். உயர்ந்த குரல் பெண்ணுடையது, கட்டுப்பாடற்றது. ஆழ்ந்த குரல் ஆணுடையது, வீரமும் நேர்மையும் கொண்டது. அந்தப் பழைய கணக்கில் பெண்ணுக்கு இடம் மேலேதான். மெட்டல் உலகம் எளிதாக ஏற்றுக்கொண்ட பெண்குரலும் நெடுங்காலம் அந்த மேல்தளத்துக் குரலாகவே, ஓபரா பாணியில் உயரப் பறக்கும் குரலாகவே இருந்தது. காட்ரெல் கீழ்தளத்தில், கிதார்களின் வீட்டிலேயே குடியிருக்கிறார். பெண்ணை மேலே தேடிப் பழகிய காது அவரை அங்கே காணாமல் 'காணவில்லை' என்று புகார் எழுதுகிறது.

நம் காதுக்கும் ஒரு பழக்கம் உண்டு. திரைப்பாட்டில் வளர்ந்தவர்கள் நாம். அங்கே குரல்தான் முன்னால், வாத்தியங்கள் அதற்குப் பாதை போட்டுக்கொடுக்கும். அதனால் 'சோமா'வை முதன்முறை கேட்கும் தமிழ் மாணவிக்கும் ஏதோ குறைவது போலத் தோன்றலாம். தோன்றினால் ஒலியளவைக் கூட்டிவிட்டு, குரலைத் தேடாமல் பாடல் முழுவதையும் ஒரு தடவை கேளுங்கள். மூன்றாம் நிமிடத்துக்குள் குரல் தானாக வந்து சேரும்.

*

இப்போது காரெட் மோரிஸ் விஷயம். ஒலிப்பதிவுப் பலகையில் இருந்த கை கிதார் கலைஞருடையது. பாடகியின் குரலைவிடக் கிதார் பெரிதாக ஒலிப்பதில் அவருக்கு ஆர்வம் இருக்காதா? இந்தக் கேள்வி நியாயமானது. ஸ்டுடியோவில் யார் எதைக் கூட்டினார்கள், யார் எதைக் குறைத்தார்கள் என்பது பெண்களின் இசை வரலாற்றில் சின்ன விஷயம் கிடையாது. பெண்ணியக் கட்டுரை ஒன்று இந்த இடத்தில் நின்று, ஆண்கள் அவள் குரலை அடக்கிவிட்டார்கள் என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போவது மிக எளிது.

ஆனால் ஆல்பத்தின் நடுவில் 'எவர்கிரீன்' இருக்கிறது. ஃபஸ் இல்லை, டிரம்ஸ் இல்லை. மின்சாரமில்லாத கிதாரும் காட்ரெலின் குரலும் மட்டும். சுவர் முழுவதும் விலகிய பிறகும் அவர் குரலை உயர்த்துவதில்லை. 'இதோ இருக்கிறேன்' என்று முன்னே வருவதில்லை. அதே நிதானம், அதே தாழ்ந்த நிலை. காது மட்டும் அருகில் போயிருக்கிறது. முந்தைய மூன்று பாடல்களிலும் அவர் பாடிக்கொண்டிருந்தது இப்படித்தான் என்பது அப்போது விளங்குகிறது. 2015இல் அவர் தம் பெயரிலேயே வெளியிட்ட தனி ஆல்பத்திலும் இதே நெருக்கத்தைக் கேட்கலாம். 2023இல் 'டெத் ஃபோக் கன்ட்ரி' என்று மற்றொரு தனி ஆல்பமும் வந்தது. அருகில் வந்து பாடத் தெரிந்த ஒருவர், குழுவோடு பாடும்போது தூரத்தில் நிற்கிறார். அந்தத் தூரத்தை இயலாமையாகவோ அடக்குமுறையாகவோ மட்டும் வாசிப்பவர்கள், அவருக்கென்று ஒரு பாணி இருக்கக்கூடும் என்ற எண்ணத்துக்கே இடம் தருவதில்லை. அவரைக் காப்பாற்றப் புறப்பட்டு, அவருடைய தேர்வைப் பறித்துக்கொண்டு திரும்புகிறோம்.

*

இரண்டாவது தடத்துக்கு வருகிறேன். ஆவி, மோகினி, சூனியக்காரி.

இந்தச் சொற்களைப் புகழ்ச்சியாகத்தான் எழுதுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாந்திரீகச் சாயல் கொண்ட ராக் குழுக்கள் நிறைய வந்தன. கனடாவின் பிளட் செரிமனியில் அலியா ஓ'பிரையன் பாடிக்கொண்டே புல்லாங்குழல் வாசித்தார். நெதர்லாந்தின் டெவில்ஸ் பிளட் குழுவில் ஃபரிதா லெமூச்சி பாடினார். எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு 'பெண் முன்நிற்கும் குழுக்கள்' என்று பெயர் வைத்தார்கள். பெல்ஜியத்தில் பெண்குரல் மெட்டலுக்கென்றே 2003இல் ஒரு விழாவும் தொடங்கியது. வாய்ப்பு கிடைத்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் ஓபரா பாணியில் பாடும் பெண்ணையும், தொண்டை கிழிய உறுமும் பெண்ணையும், காட்ரெல் போல முணுமுணுக்கும் பெண்ணையும் இணைப்பது எந்த இசைக் கூறு? எதுவுமில்லை. இணைப்பது உடல் மட்டுமே. உடலின் பெயரால் ஓர் இசை வகையை அமைக்க முடியாது. 'ஆண் முன்நிற்கும் மெட்டல்' என்று கடையில் ஓர் அடுக்கை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

சூனியக்காரி வேடத்தைத் தாங்களே அணிந்துகொண்ட பெண்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 1969இல் கோவன் என்ற அமெரிக்கக் குழுவின் ஜிங்க்ஸ் டாசன் மாந்திரீகத்தையே மேடையாக்கினார். அந்த ஆல்பத்தின் முதல் பாடலின் பெயர் 'பிளாக் சபாத்'. அதே பெயர் கொண்ட ஆங்கிலேயக் குழுவின் முதல் ஆல்பம் வந்தது 1970இல். டாசனைச் சூனியக்காரி என்றால் அவர் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்வார், அது அவர் எடுத்த வேடம். காட்ரெலுக்கு அதை மற்றவர்கள் போர்த்திவிடுகிறார்கள்.

'சோமா'வின் பாடல் தலைப்புகளைப் பாருங்கள். பழத்தோட்டம், படர்கொடி, என்றும் பசுமை மாறாத மரம். வர்ஜீனியாவின் கிராமப்புறத்தில் வளர்ந்தவரின் உலகம் இது. அவருடைய மெட்டுகளில் அந்த ஊர்ப்பக்கத்து நாட்டுப்பாடல்களின் நடை கேட்கிறது. எளிய சுரவரிசை, இறங்கி முடியும் வாக்கியம், துக்கத்தை அலங்கரிக்காமல் சொல்லும் முறை. விண்ட்ஹேண்டை மற்ற குழுக்களிடமிருந்து பிரித்துக்காட்டுவது இந்த நாட்டுப்பாடல் நடைதான். சூனியக்காரி என்று எழுதிய பிறகு அதைக் கேட்கத் தேவையில்லாமல் போய்விடுகிறது.

கடைசிப் பாடலின் தலைப்பு 'போல்ஸ்கின்'. ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரிக்கரையில் உள்ள வீட்டின் பெயர் அது. மாந்திரீகர் அலிஸ்டர் குரோலி அங்கே வாழ்ந்தார். பிறகு அதை வாங்கியவர் லெட் செப்லின் குழுவின் ஜிம்மி பேஜ். பேஜுக்கு மாந்திரீகத்தில் இருந்த ஈடுபாடு ஊரறிந்தது. ஆனாலும் அவரைப் பற்றிய விமர்சனம் அவருடைய கிதாரில்தான் தொடங்கும். அந்த வீட்டின் பெயரில் ஒரு பாடலைப் பாடிய பெண்ணைப் பற்றிய விமர்சனமோ மந்திரத்தில் தொடங்கி மந்திரத்திலேயே முடிகிறது.

*

மூன்றாவதாக ஒரு பேச்சு உண்டு. ஒப்பீடு. விண்ட்ஹேண்ட் என்றால் 'பெண் பாடும் எலெக்ட்ரிக் விசார்ட்' என்று ரசிகர்கள் சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். மூலம் ஆணுடையது, நகல் பெண்ணுடையது என்ற தொனி அதில் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், எலெக்ட்ரிக் விசார்டில் 2003இலிருந்து கிதார் வாசிப்பவர் லிஸ் பக்கிங்ஹாம் என்ற பெண். 2007இல் வந்த 'விட்ச்கல்ட் டுடே' உட்பட அந்தக் குழுவின் பிற்கால ஒலியில் பாதி அவருடைய கைகளிலிருந்து வந்தது. ஆண்மையின் உருவமாக நீட்டப்படும் அந்த ரிஃப்களுக்குப் பின்னால் ஒரு பெண் இருபது ஆண்டுகளுக்கு மேல் நிற்கிறார். அவர் பாடுவதில்லை, அதனால் 'பெண் முன்நிற்கும்' கூடையில் அவர் இல்லை. கூடையில் இல்லாததால் பெண்ணாகவும் கணக்கில் இல்லை.

சான் பிரான்சிஸ்கோவின் ஆசிட் கிங் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1993இல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான லோரி எஸ். அதன் கிதார் கலைஞர், பாடகி, பாடல்களை எழுதுபவர். 1999இல் வந்த 'பஸ் வுட்ஸ்' ஆல்பத்தில் ரிஃப்பும் மெட்டும் ஒரே பெண்ணிடமிருந்து வருகின்றன. இந்த வகையின் அடித்தளத்திலேயே பெண்கள் இருந்திருக்கிறார்கள். இருந்தும் ஒவ்வொரு புதிய பாடகியும் முதல் பெண்ணைப் போல வியப்போடு அறிமுகம் ஆகிறார். வியப்பு மரியாதை போலத் தெரியும். உண்மையில் அது மறதியின் மறுபெயர்.

கேட்கும் பெண்களுக்கும் இதே கதைதான். ரோஸ்மேரி லூசி ஹில் 2016இல் வெளியிட்ட நூலில், மெட்டல் கேட்கும் பெண்களை ஊடகங்கள் இசைக்காக வந்தவர்களாகப் பார்ப்பதைவிட இசைக்கலைஞர்கள் மேல் மயங்கி வந்தவர்களாகவே சித்திரிப்பதை ஆராய்ந்திருக்கிறார். ஆராய்ச்சி இல்லாமலும் நமக்குத் தெரிந்த விஷயம்தான். நான் ஒரு கடையில் இந்த வகை இசைத்தட்டைக் கேட்டபோது, "தம்பிக்கா மேடம்?" என்றார் கடைக்காரர். நல்ல மனிதர், உதவும் குரலில்தான் கேட்டார். பெண்ணின் காது இந்த இசைக்குப் பொருந்தும் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை.

*

இத்தனையும் வாசித்தபின் மாணவிகளுக்கு ஒரு சிறு பயிற்சி சொல்லத் தோன்றுகிறது. பெண் கலைஞரைப் பற்றிய விமர்சனம் எதையாவது எடுத்து, அவரைப் பற்றிய பெயரடைகளை ஒரு நிறத்திலும் வினைச்சொற்களை இன்னொரு நிறத்திலும் கோடிடுங்கள். 'சோமா' பற்றி நான் வாசித்தவற்றில் கிதார்கள் நசுக்குகின்றன, இழுக்கின்றன, தோண்டுகின்றன. டிரம்ஸ் இடிக்கிறது. பாடகி மட்டும் எதுவும் செய்வதில்லை. அவர் மாயமாக இருக்கிறார், அமானுஷ்யமாக இருக்கிறார், அழகாக இருக்கிறார். ஆண்கள் வேலை செய்கிறார்கள், பெண் இருக்கிறாள். வீட்டைப் பற்றிய பழைய கதையைத் திருப்பிப் போட்டது போல இருக்கும். வீட்டில் அத்தனை வேலையையும் செய்பவள் அவள்தான், அங்கேயும் சொல்வது "சும்மா இருக்கிறாள்" என்றுதான்.

காட்ரெல் செய்வதை வினைச்சொற்களில் எழுதிப் பார்க்கிறேன். ரிஃப் ஒரே இடத்தில் சுற்றும்போது அவர் மெட்டை முன்னே நகர்த்துகிறார். கிதார் வரியின் முடிவில் விழும் இடைவெளியை நீண்ட சுரத்தால் மூடி, அடுத்த சுற்றோடு தைக்கிறார். தன் குரலுக்குத் தானே துணைக்குரல் அமைக்கிறார். எங்கே பாடாமல் இருப்பது என்று முடிவு செய்கிறார். கிதார்கள் நிலம் என்றால், அதில் வழி போடுபவர் அவர்.

இப்படி எழுதினால்தான் அவரைக் குறை சொல்லவும் முடியும். ஆவியிடம் யாரும் குறை காண முடியாது. 'கஸாக்' எனக்கு நீளமாகத் தோன்றுகிறது. அதில் மெட்டு தரவேண்டியதை முதல் பாதியிலேயே தந்துவிடுகிறது, பிறகு வருவது கனம் மட்டுமே. 'போல்ஸ்கின்' மின்சாரமில்லாத கிதாரோடு அருமையாகத் தொடங்குகிறது. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் குரல் விலகும் பகுதிகளில் பாடல் தன் திசையை இழக்கிறது. குரல் வெறும் அலங்காரம் என்று சொல்பவர்களுக்கு அந்தப் பகுதிகளே பதில். அது இல்லாதபோதுதான் எவ்வளவு பாரத்தை அது சுமந்துகொண்டிருந்தது என்று தெரிகிறது.

2015இல் வந்த அடுத்த ஆல்பமான 'கிரீஃப்ஸ் இன்ஃபெர்னல் ஃபிளவர்', நிர்வாணாவின் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்த ஜாக் என்டினோவின் தயாரிப்பு. அதில் குரல் தெளிவாக முன்னே வந்திருப்பதாக எனக்குக் கேட்கிறது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதையே முதலில் தருவேன். பாடல்கள் எளிதில் பிடிபடும். ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் போவது 'சோமா'வுக்குத்தான். தெளிவான ஆல்பத்தில் ஒரு பாடகியும் அவருக்குப் பின்னால் ஒரு குழுவும் கேட்கிறார்கள். 'சோமா'வில் ஐந்து பேர் சேர்ந்து ஒரே பொருளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள், அவர்களில் ஒருவர் பெண். பெண்ணென்று தனியாக வெளிச்சம் போடாத ஒரு கூட்டு உழைப்பில், தன் பங்கைச் சத்தமில்லாமல் செய்து, அந்தப் பங்கே பாடலின் முதுகெலும்பாகவும் இருப்பதை நான் அங்கே கேட்கிறேன். விமர்சகர்கள் அதைப் 'புதைந்துவிட்டது' என்றும் 'ஆவி' என்றும் எழுதினார்கள். நாம் எழுதும்போது அவர் பெயரைச் சொல்லி, அவர் செய்த வேலையைச் சொல்லித் தொடங்கலாம்.